வெறும் காத்து... வேற ஒண்ணுமில்லே!

ஆனி, ஆடி மாசத்தில் கம்பம் பள்ளத்தாக்குப் பக்கம் போயிருக்கிறீர்களா? பஸ் ஜன்னலைத் திறந்தால் போதும். மேற்கு மலையிலிருந்து இறங்குகிற காற்று கன்னத்தில் அறையும். வாழை போட்டவர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும் காற்று அது.

அந்தக் காற்றில் வளர்ந்த ஒருவர், 1988-ல் ஓர் இசைத்தொகுப்பு வெளியிட்டார். பெயர் 'நத்திங் பட் விண்ட்'. அதாவது, வெறும் காத்து... வேற ஒண்ணுமில்லே! இசையமைத்தவர் பண்ணைப்புரத்து இளையராஜா. புல்லாங்குழல் வாசித்தவர், அலகாபாத்தில் பிறந்த ஹரிபிரசாத் சௌராசியா.

'அக்னி நட்சத்திரம்' வந்த வருஷம் அது. ராஜா பேர் போட்டாலே படம் வியாபாரமான நேரம். அப்படிப்பட்டவர் கதை இல்லாமல், ஹீரோ இல்லாமல், பாட்டு வரி ஒன்றுகூட இல்லாமல் எதற்கு இதைச் செய்தார்? பி.காம். படித்த புத்தி எனக்கு. இதில் யாருக்கு என்ன வரவு என்றுதான் முதலில் கேட்கத் தோன்றியது.

பதில், இரண்டு பேரும் வந்த வழியில் இருக்கிறது.

ராஜா 1943-ல் பிறந்தார். அப்போது தேனி மாவட்டமே கிடையாது. பண்ணைப்புரம் மதுரை ஜில்லாவில் இருந்தது. சங்கீதப் பரம்பரை இல்லை, சபா இல்லை. அண்ணன் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடினார். பதினாலு வயசில் தம்பியும் அந்தக் குழுவோடு கிளம்பிவிட்டார். ஊர் ஊராகப் பாடியதுதான் முதல் பள்ளிக்கூடம். பிறகு, அம்மா சின்னத்தாயி வீட்டு ரேடியோவை விற்றுக் கொடுத்த 400 ரூபாயோடு சென்னைக்கு பஸ் ஏறினார்கள் சகோதரர்கள். அங்கே தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையை எழுதவும் படிக்கவும் கற்றார் ராஜா. 1976-ல் 'அன்னக்கிளி'. அதற்கப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும்.

சௌராசியா அவரைவிட ஐந்து வயசு மூத்தவர். அப்பா மல்யுத்த வீரர். பையனும் கோதாவில் இறங்க வேண்டும் என்பது அவர் ஆசை. பையனோ வீட்டுக்குத் தெரியாமல் சங்கீதம் கற்றான்! 1957-ல் கட்டாக் வானொலியில் வேலை. அப்புறம் பம்பாய். வாசிப்பில் பேர் வாங்கிய பிறகுதான் அன்னபூர்ணா தேவியிடம் சிஷ்யனாகச் சேரப் போனார். 'கற்றதை மறந்துவிட்டு அடியிலிருந்து ஆரம்பிக்கத் தயாரா' என்பதுதான் அங்கே பேச்சு. சௌராசியா என்ன செய்தார் தெரியுமா? குழல் பிடிக்கும் பக்கத்தையே மாற்றினார். வலது கைக்காரர் இடது கைக்காரர் ஆனார். பேர் வாங்கின வித்வான், விரலை வைப்பதிலிருந்து மறுபடி கற்றார். நம்மால் முடியுமா, சொல்லுங்கள்?

ஆக, ஒருவருக்கும் இசை அப்பன் சொத்தாக வரவில்லை. இரண்டு பேருடையதும் சுயசம்பாத்தியம். அந்த மாதிரி ஆளுக்குத்தான் அடுத்தவன் பட்ட பாடு புரியும்.

சௌராசியாவுக்கு சினிமா ஸ்டுடியோ புதிதல்ல. சந்தூர் மேதை சிவகுமார் சர்மாவோடு சேர்ந்து 'சில்சிலா' (1981) படத்துக்கு இசையமைத்தவர். ஆனாலும் இந்துஸ்தானி மேடையில் அவர் ராஜா. ராகத்தை எவ்வளவு நேரம், எப்படி விரிப்பது என்பது அவர் இஷ்டம். இளையராஜாவின் ஸ்டுடியோவிலோ ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனிக் காகிதம். எந்த இடத்தில் சேர வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் எல்லாம் எழுத்தில். ஒரு உறையில் இரண்டு கத்தி!

ஆனால், 'நத்திங் பட் விண்ட்'டில் கத்திச் சத்தம் கேட்கவில்லை. மேற்கத்திய வயலின் கூட்டம் எழுதினபடி நகர்கிறது. அதன் நடுவே குழல் தன் பாட்டுக்கு மூச்சு விடுகிறது. மொத்தம் ஐந்து உருப்படிகள். அதில் ஒன்றுக்கு 'மொஸார்ட் ஐ லவ் யூ' என்று தலைப்பு. தனக்குப் பிடித்தவரைப் பிடிக்கும் என்று சொல்வதில் ராஜாவுக்கு வெட்கமே கிடையாது. அதற்கு முன்பு, 1986-ல் வந்த 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பையும் தியாகராஜருக்கும் பாக்குக்கும்தான் காணிக்கையாக்கியிருந்தார்.

மேல்நாட்டு ஜாஸிலும் ஒரு கதை உண்டு. அங்கே இரண்டு சாக்ஸபோன்காரர்களை ஒரே மேடையில் ஏற்றினால், ஜனங்கள் சேவல்சண்டை பார்க்கிற மாதிரி உட்காருவார்கள். 1957 அக்டோபரில் கோல்மன் ஹாக்கின்ஸும் பென் வெப்ஸ்டரும் சேர்ந்து ஒலிப்பதிவு செய்தார்கள். ஹாக்கின்ஸுக்கு வயது 52, வெப்ஸ்டருக்கு 48. ஹாக்கின்ஸைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்தான் வெப்ஸ்டர். அந்த இசைத்தட்டில் சண்டையைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். ஒருவர் கரகரப்பாக அழுத்திச் சொல்கிறார். மற்றவர் பாதி மூச்சாக விட்டுப் பதில் சொல்கிறார். திண்ணையில் இரண்டு பெரியவர்கள் பேசிக்கொள்கிற மாதிரி.

இப்போது வரவு செலவுக்கு வருவோம். எங்கள் கணக்குப் பாடத்தில் ஒருவருக்கு வரவு என்றால் எதிர்ப்பக்கம் பற்று எழுதியே ஆக வேண்டும். மெச்சிக்கொள்வதற்கு அந்த விதி செல்லாது. கொடுத்தவருக்கும் வரவு, வாங்கியவருக்கும் வரவு. சௌராசியாவுக்கு 2000-ல் பத்ம விபூஷண். ராஜாவுக்கு 2018-ல் அதே விருது. ஒருவர் அடுத்தவரை மெச்சியதால் யாருக்கும் ஒரு பைசா குறையவில்லை.

நாம் என்ன செய்கிறோம்? பக்கத்து சீட்டுக்காரர் நன்றாக வேலை செய்தால், 'பரவாயில்லை' என்று சொல்லவே நாக்கு தடுக்கிறது. அடுத்த தடவை அந்த வார்த்தை தொண்டையில் சிக்கும்போது, சும்மா வெளியே விட்டுப் பாருங்கள்.

செலவு ஒண்ணுமில்லே... வெறும் காத்துதான்!