பெயரிலிருந்து நிறத்திற்கு: திருவனந்தபுரத்துப் பூக்களமும் தமிழ்ப் பூப்பெயர்களும்

சிங்ஙமாதத்து அத்த நாள் தொடங்கித் திருவோணம் வரை பத்து நாட்கள் கேரள வீடுகளின் முற்றத்தில் பூக்களம் இடப்படுகிறது. இதற்கென மரபாகச் சொல்லப்படும் விதிகளுள் ஒன்று ஈண்டு நம் கவனத்திற்குரியது. அத்தத்தன்று ஒரு நிரைப் பூவே இடவேண்டும். சிவப்புப் பூ ஆகாது. மூன்றாம் நாளாகிய சோதி முதலே செம்பரத்தி இடலாம். விதியின் முற்பகுதி நிறத்தைச் சொல்கிறது. பிற்பகுதி பூவின் பெயரைச் சொல்கிறது. விலக்கப்பட்டது சிவப்பா, செம்பரத்தியா? இடத்துக்கு இடம் விதி சிறிது மாறினும் இவ்வினா எஞ்சியே நிற்கிறது. பூக்களின் நிறத்திற்குப் பொருள் உண்டு என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அப்பொருள் நிறத்தில் தங்கியிருந்ததா, பெயரில் தங்கியிருந்ததா என்பதைத் திருவனந்தபுரத்து வீட்டு முற்றங்களையும் அவற்றுக்குப் பூ வழங்கிய தமிழ்ப் பகுதியையும் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. மலையாளத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்போர்க்கு இது வெறும் பண்பாட்டுச் செய்தியன்று. சொல் தேர்வுச் சிக்கல்.

பழைய பூக்களத்திற்குரிய பூக்கள் தும்பை, முக்குற்றி, தெச்சி, செம்பரத்தி, காக்காப்பூ முதலியன. வேலியிலும் வயல் வரப்பிலும் தொடியிலும் சிறுவர் சென்று பறித்தவை. தும்பை வெண்மை, முக்குற்றி மஞ்சள், வயலீரத்தில் மலரும் காக்காப்பூ நீலம் கலந்த ஊதா. ஆனால் இப்பெயர்களுள் நிறத்தை வெளிப்படையாகச் சுட்டும் அடையுடையது செம்பரத்தி ஒன்றே. தமிழர் அதனைச் செம்பருத்தி என்று வழங்கிப் பருத்தியோடு இணைத்துக்கொண்டனர். இவ்விணைப்பு முற்றிலும் தவறன்று; இரண்டும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

இதே முற்றப் பண்பாட்டில் களம் என்னும் சொல்லைத் தாங்கிய மற்றொரு கலையும் உண்டு. பகவதி கோயில்களில் நிகழும் களமெழுத்தில் அரிசிமாவு வெண்மைக்கும், மஞ்சள்தூள் மஞ்சளுக்கும், மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த தூள் சிவப்புக்கும், கரிந்த உமி கருமைக்கும், இலைத்தூள் பச்சைக்கும் பயன்படுகின்றன. அங்குப் பகுப்பு நிறத்தினாலேயே செய்யப்படுகிறது; பொடி எதிலிருந்து வந்தது என்பது இரண்டாம் நிலையில் நிற்கிறது. களமெழுத்து நிறங்களால் ஆனது, பூக்களம் பூக்களால் ஆனது என்று இவ்வேறுபாட்டைச் சுருக்கலாம். ‘அத்தப்பூக் கோலம்’ என்று தமிழ்ச் செய்தித்தாள்கள் எழுதும்போது இவ்வேறுபாடு மறைந்துவிடுகிறது.

தமிழ் மரபிலும் நிலை ஏறத்தாழ இதுவே. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை அடுக்குகிறார். அடுக்கின் முறை பெயர்முறையே அன்றி நிறமுறையன்று. அகத்திணைகள் பூப்பெயரால் வழங்குகின்றன. புறத்திணைகளை நோக்கின் நம் வினாவிற்கு நேரான விடை கிடைக்கிறது. நிரை கவர்தல் வெட்சி. இரு வேந்தரும் களங்குறித்து எதிர்நின்று பொருதல் தும்பை. வெட்சி சிவந்த பூ, தும்பை வெண்பூ. குருதிக்கும் சினத்திற்கும் சிவப்பே குறியீடு என்று கொண்டால், குருதி மிகுதியாகச் சிந்தும் பெரும்போருக்கன்றோ செம்பூ உரியதாக வேண்டும்? அங்குச் சூடப்படுவதோ வெண்தும்பை. நிறம் இங்குப் பொருளைத் தரவில்லை. இன்ன பூ, இன்ன ஒழுக்கம் என்னும் மரபுவழிப் பெயரிணைப்பே தருகிறது. நிறமே இல்லாத குறியீடு என்று நாம் வாதிடவில்லை. முருகனுக்கும் கொற்றவைக்கும் செம்பூ உகந்ததென்ற எண்ணம் வலிமையானது. ஆற்றுக்கால் பகவதிக்கு, அவள் கண்ணகியே என்னும் ஊர் நம்பிக்கையோடு சேர்த்து, அது இன்றும் பொருந்துகிறது. ஆயினும் அவ்வெண்ணம் கூட நாவில் வரும்போது தெச்சி என்றும் செம்பரத்தி என்றுமே வருகிறது.

வெட்சியும் தெச்சியும் ஒரே செடி. வகர தகர மாற்றம் வழக்கமான ஒலிமாற்ற விதிகளுள் எளிதில் அடங்குவதன்று. மலையாளத்தில் செத்தி என்னும் வடிவமும் உண்டு. இன்றைய தமிழ்ப் பேச்சு வழக்கோ இதனை இட்லிப்பூ என்கிறது! நிரை கவர்ந்த மறவரின் கண்ணி அடுக்களைப் பலகாரத்தின் பெயர் பெற்றது தமிழின் பாடு. கேரளத்தில் அது வழிபாட்டுப் பூவாக நிலைத்தது. மலையாளப் புதினம் ஒன்றில் முற்றத்துத் தெச்சி வந்தால் மொழிபெயர்ப்பாளர் என் செய்வார்? வெட்சி என்றால் போர் நினைவு வரும். இட்லிப்பூ என்றால் கோயில் நினைவு போய்விடும். குமரி மாவட்டத் தமிழில் தெச்சி என்பதே வழக்கு. அதனையே கொள்வது நன்று என்பது எம் கருத்து. ‘சிவந்த பூ’ என்று பொதுப்பட எழுதி நழுவுவது மட்டும் வேண்டா.

தும்பையில் சிக்கல் இன்னும் நுட்பமானது. மாவேலிக்கு உகந்த எளிய பூ அது என்பது கேரள மரபு. ‘தும்பப்பூ போன்ற சோறு’ என்பது மலையாள உவமை. வெண்மையோடு மென்மையும் உதிரித்தன்மையும் அதில் உண்டு. தமிழ்ப் பேச்சில் தும்பைப்பூவுக்கு ஒப்பாவது வெளுத்த வேட்டி. மென்மைக்கு இட்லியோடு ஒப்பாவது மல்லிகைப்பூ. ஆகவே ‘தும்பைப்பூ போன்ற சோறு’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் தமிழ் வாசகர் வெண்மையை மட்டுமே பெறுவர். பெயர் ஒன்று, பூ ஒன்று, நிறமும் ஒன்று; பொருள் மட்டும் வேறாகிறது. திருவனந்தபுரத்தை அடுத்த கடற்கரையூர் ஒன்று இச்செடியால் பெயர் பெற்றது என்பர். 1963 நவம்பர் 21 அன்று இந்தியாவின் முதல் விண்ணூர்தி அங்கிருந்தே ஏவப்பட்டது. தமிழ் இதழ்கள் அவ்வூரைத் ‘தும்பா’ என்று எழுதிப் பூவை உதிர்த்துவிட்டன.

சிவப்பின் மற்றொரு முகத்தையும் காட்டவேண்டும். காதில் செம்பரத்திப்பூ வைத்தவன் என்றால் மலையாளத்தில் அவன் பித்தன். நாடகத்திலும் திரைப்படத்திலும் ஒருவன் செவியில் அப்பூவைக் கண்டவுடன் அவையினர் நகைப்பர், விளக்கம் தேவையில்லை. தமிழில் ‘காதில் பூச் சுற்றுதல்’ ஏமாற்றுதலைக் குறிக்கும். பூ இன்னதென்று வரையறை இல்லை. இரண்டையும் ஒன்றெனக் கொண்டு மொழிபெயர்த்தால், பித்தன் ஏமாளியாகிவிடுவான். ஆனால் தமிழுக்கு இக்குறியீடு முற்றும் புதிதன்று. மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையில் வீதியில் திரியும் பித்தன் கணவிர மாலையும் எருக்க மாலையும் அணிந்து வருகிறான். கணவிரம் செவ்வலரி. வடமொழி மிருச்சகடிகத்தில் கொலைக்களத்துக்குக் கொண்டு செல்லப்படும் சாருதத்தனுக்கும் அலரி மாலையே சூட்டப்படுகிறது. சமூகத்திலிருந்து விலக்கப்பட்டவன்மேல் செம்பூ ஏறுகிறது. அதே செம்பூ பகவதியின் பீடத்திலும் ஏறுகிறது. ‘சிவப்பு இதனைக் குறிக்கும்’ என்று அட்டவணை எழுதுவோர் இவ்விரண்டையும் எந்தக் கட்டத்தில் அடைப்பர் என்று தெரியவில்லை. ஐரோப்பாவில் 1819இல் சார்லட் தெ லத்தூர் என்னும் பெயரில் வெளிவந்த பூமொழி நூலை அடுத்து இத்தகைய கையேடுகள் பெருகின. அவற்றுள்ளும் பெரும்பகுதி பூவின் பெயர்வழிப் பொருளே என்பது நோக்கத்தக்கது.

வீட்டுத் தோட்டத்தில் மிக எளிதாகக் காணப்படும் ஒரு செடி இவ்வாதத்தை முடித்தே வைக்கிறது. மடகாஸ்கரிலிருந்து வந்து, வெள்ளையும் இளஞ்சிவப்புமாக ஆண்டு முழுதும் பூப்பது அது. தமிழில் அதற்கு நித்தியகல்யாணி என்று பெயர். சுடுகாட்டுமல்லி என்றும் பெயர். மலையாளத்தில் சவம்நாறி, அங்கும் நித்தியகல்யாணி என்னும் பெயர் அறியப்பட்டதே. ஒரே நிறத்துப் பூ மணப்பெண்ணாகவும் பிணமாகவும் நிற்கிறது. பெயரை அறிந்த பின்னரே அதனை வாசலில் வைப்பதா, பின்புறம் வைப்பதா என்று வீட்டார் முடிவு செய்கின்றனர்.

இனி, இப்பெயர்முறை நிறமுறையாக மாறிய வரலாற்றுக்கு வருவோம். ஆரல்வாய்மொழியை அடுத்த தோவாளை, திருவிதாங்கூர் அரசின் பகுதியாக இருந்தது. அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்களோடு தோவாளை வட்டமும் 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணைந்தது. எல்லை மாறியது, பூவின் வழி மாறவில்லை. ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருவனந்தபுரத்துக்குத் தோவாளைச் சந்தையின் பூ நாள்தோறும் வருகிறது. ஓண நாட்களில் அங்கு வணிகம் பலமடங்காகும். சாலைக் கடைத்தெருவில் விற்பவர் தமிழில் கேந்தி என்பார், வாங்குபவர் மலையாளத்தில் பந்தி என்பார். பிற தமிழ் வட்டாரங்களில் அது செண்டுமல்லி, துலுக்கச்சாமந்தி. அயல்வரவு என்பதை இக்கடைசிப் பெயரே காட்டிவிடுகிறது. மெக்சிகோ நிலத்துப் பூ அது. இவ்வளவு பெயர்கள் மோதும் இடத்தில் இருவருக்கும் பொதுவாக எஞ்சுவது ‘மஞ்சள் ஒரு கிலோ, ஆரஞ்சு ஒரு கிலோ’ என்பதே.

முற்றம் சுருங்கியதும் வயல் குறைந்ததும் ஒரு காரணம். அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் மன்றங்களிலும் நடைபெறும் பூக்களப் போட்டிகள் மற்றொரு காரணம். அங்கே முதலில் சுண்ணக்கட்டியால் உருவம் வரையப்படுகிறது. பின் கட்டங்கள் நிரப்பப்படுகின்றன. கட்டம் நிரம்ப அளவு வேண்டும். ஒரு பிடி தும்பை பறிக்க ஒரு காலைப்பொழுது செல்லும். எனவே தும்பையின் இடத்தில் வெள்ளைச் சாமந்தி, முக்குற்றியின் இடத்தில் மஞ்சள் கேந்தி, காக்காப்பூவின் இடத்தில் வாடாமல்லி. மாற்றீடு நிகழ்ந்த முறையைக் கவனிக்க: பூவுக்குப் பூ அன்று, நிறத்துக்கு நிறம். நிறமூட்டிய உப்பால் இடப்படும் களங்களும் உண்டு. பூக்களம் களமெழுத்தின் இலக்கணத்துக்குள் புகுந்துவிட்டது. ஓணத்துக்குப் பூவை உள்ளூரிலேயே விளைவிக்கக் குடும்பசிறீ அமைப்பு அண்மை ஆண்டுகளில் நடத்தும் திட்டத்தின் பெயர் ‘நிறப்பொலிமை’. பூவுக்கான திட்டத்தின் பெயரில் பூ என்னும் சொல் இல்லை.

எதிர்த்திசை இயக்கமும் மொழியில் நிகழ்கிறது. பெர்லினும் கேயும் 1969இல் அடிப்படை நிறப்பெயர்களை வரையறுத்தபோது, ஒரு பொருளின் பெயராகவும் வழங்கும் சொல்லை அடிப்படைச் சொல்லாகக் கொள்ளத் தயங்கினர். அவ்வளவுகோல் தமிழில் மிகவும் இடர்ப்படும். மஞ்சள் கிழங்கின் பெயர்; ஆரஞ்சு பழத்தின் பெயர்; ‘ரோஸ்’ பூவின் பெயர்; துணிக்கடையில் வாடாமல்லி, கனகாம்பரம், கத்தரிப்பூ என்பன நிறங்கள். பூ தன் பெயரை நிறத்துக்குக் கொடுத்துவிட்டுத் தான் பெயரற்றுப் போகிறது.

தோவாளையின் மாணிக்கமாலை இதற்கு அழகிய சான்று. அரளிப்பூக்களை மடித்து, இடையே பச்சைக்கு நொச்சியிலை சேர்த்து, மணிகள் பதித்தாற்போல் தட்டையாகத் தொடுக்கப்படுவது அது. பத்மநாபசுவாமி கோயிலோடு தொடர்புடைய இம்மாலை 2025இல் புவிசார் குறியீடு பெற்றது. அரளி இங்குப் பெயரிழந்து, நிறத்தால் மாணிக்கமாகிறது. நிறம் பெயரை இவ்வாறு மறைப்பதில் இடர் இல்லாமலும் இல்லை. கேரளக் கோயில்களில் தெச்சி போதாத இடங்களிலெல்லாம் மலிவாகக் கிடைக்கும் செவ்வரளி பயன்பாட்டுக்கு வந்தது. அரளியின் எல்லா உறுப்பிலும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு உண்டு. ஒரு மரணத்தை ஒட்டி எழுந்த ஐயத்தின் பின், 2024 மே மாதத்தில் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட திருவிதாங்கூர் தேவசம் போர்டு, நிவேதியத்திலும் பிரசாதத்திலும் அரளியைத் தவிர்க்க முடிவு செய்து, துளசி, தெச்சி போன்றவற்றைப் பயன்படுத்தச் சொன்னது. ஆணை நிறத்தைச் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது; பெயரையே சொல்லவேண்டியிருந்தது.

வினைச்சொல் பற்றி ஒன்று கூறவேண்டும். மலையாளத்தில் பூ ‘இடுவது’ என்பதே பழைய வழக்கு. களம் ‘ஒருக்குவது’ என்பதும் இப்போது பரவலாக வழங்குகிறது. தமிழில் பூவைச் சூடுவோம், வைப்போம், தூவுவோம். மார்கழி வாசலில் சாணவுருண்டையில் பூசணிப்பூவைச் செருகுவோம். இடுவது கோலத்தை மட்டுமே. ‘பூவிட்டாள்’ என்னும் மலையாளத் தொடரைப் ‘பூக்கோலம் போட்டாள்’ என்று பெயர்த்தால் கையிலிருந்த பூ மாவாகிவிடும். குமரித் தமிழர் ‘அத்தப்பூ இட்டாள்’ என்றே சொல்வர்.