மறைத்து வைத்த நெடுவரிசை

திருச்சிராப்பள்ளிக்கு அருகில் அல்லூர், ஈசானமங்கலம் என்று இரண்டு ஊர்கள் சோழர் காலத்தில் இருந்தன. இவற்றின் கல்வெட்டுகளை ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா அருகருகே வைத்து ஆராய்ந்து 1966-இல் ஒரு கட்டுரை எழுதினார். பிரமதேயமான ஈசானமங்கலத்தில் தனியார் நிலவுடைமை புலப்பட்டது. வேளாண்வகை ஊரான அல்லூரில் ஊரார் நிலத்தைப் பொதுவில் வைத்திருந்த நிலை புலப்பட்டது. 'ஊரின் தன்மை' என்ற ஒரு நெடுவரிசையே இந்த வேறுபாட்டைக் காட்டியது. அதை மறைத்துவிட்டு நில விவரங்களை மட்டும் தொகுத்திருந்தால், சோழநாடு முழுவதும் ஒரே வழக்கு என்று நாம் நம்பியிருப்போம்.

இன்று அந்தப் பணிக்கு எக்செல் விரிதாள் இருக்கிறது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் 24-ஆம் தொகுதி (1982) முழுவதும் திருவரங்கம் கோயிலுக்கே உரியது. அதில் 600-க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. மன்னர், ஆட்சியாண்டு, கொடையாளி, கொடை, பொறுப்பேற்றவர் என்று நிரப்பிக்கொண்டே போனால் திரை போதாது. சிலவற்றை மறைக்கிறோம். இங்கே ஒரு நுட்பம் உண்டு. மறைத்த நெடுவரிசையைக் கூட்டல் வாய்பாடு விடாமல் கணக்கில் சேர்க்கும்; வரைபடமோ, நாம் அமைப்பை மாற்றினாலொழிய, அதை விட்டுவிடும். கூட்டுத்தொகை மறப்பதில்லை, படம் மறந்துவிடுகிறது.

கல்வெட்டுகளில் இதனால் யார் மறைகிறார்கள்? விளக்குக் கொடைகளைப் பார்ப்போம். தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு திருவிளக்குக்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள். அதற்கு ஈடாக நாள்தோறும் ஓர் உழக்கு நெய். நான்கு உழக்கு ஒரு நாழி. 360 நாளுக்கு 90 நாழி. கணக்கு அழகாக இருக்கிறது. கொடைகளை மன்னர்வாரியாகத் தூண் தூணாக வரைந்தால் இன்னும் அழகு.

ஆனால் நெய் அளந்தவர் யார்? ஆடுகளை ஏற்ற இடையர் பெயரையும் அவருக்குப் பிணைநின்ற உறவினர் பெயர்களையும் தஞ்சைக் கல் பொறித்தே வைத்திருக்கிறது. நம் படத்தில்தான் அவர்கள் இல்லை.

கல்லும் ஒன்றை மறைத்தது. 'சாவா மூவாப் பேராடு' என்பது கல்வெட்டு வழக்கு. ஆடு சாகும், மூப்பும் எய்தும். செத்ததற்கு ஈடாகக் குட்டியை வளர்த்து, எண்ணிக்கை குறையாமல் காத்தது இடையரின் உழைப்பு. பிறப்பும் இறப்புமாகிய இரு நெடுவரிசைகளை மறைத்துத்தான் 96 என்ற எண் மாறாமல் நிற்கிறது.

ஆகவே வரலாற்று மாணவர்களிடம் நாம் கேட்பது ஒன்றே. வரைபடம் வரையுங்கள், எந்த நெடுவரிசையை மறைத்தீர்கள் என்பதை அதன் கீழே ஒரு வரியில் எழுதிவிடுங்கள். விளக்கை எரித்தவரின் பெயர் அந்த வரியில் இருக்கக்கூடும்.