இரட்டையர்களைப் பிரித்த ஆய்வும் பூட்டிய பெட்டிகளும்

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் சில ஆவணப் பெட்டிகள் இருக்கின்றன. 2065-ம் ஆண்டு வரை பொதுமக்கள் அவற்றைத் திறந்து பார்க்க முடியாது. உள்ளே இருப்பது ராணுவ ரகசியம் அல்ல! கைக்குழந்தையாக இருக்கும்போதே பிரிக்கப்பட்டு, வெவ்வேறு வீடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்ட இரட்டைக் குழந்தைகள் எப்படி வளர்ந்தார்கள் என்ற குறிப்புகள்தான். ரகசியம் யாரைக் காப்பாற்றுவதற்காக என்ற கேள்வியை இந்தப் பெட்டிகள் அளவுக்குக் கூர்மையாக எழுப்பும் இன்னொன்றைக் காண்பது கடினம்.

தத்தெடுப்பில் ரகசியம் நல்ல எண்ணத்தில்தான் பிறந்தது. திருமணமாகாத தாய்க்குப் பிறந்த குழந்தையை ஊர் வேறு மாதிரிப் பேசிய காலம் அது. 1917-ம் ஆண்டு மின்னசோட்டா மாநிலம், தத்துக் கோப்புகளை வெளியார் பார்க்கக் கூடாது என்று சட்டம் போட்டது. நியூயார்க் மாநிலம் 1938-ல் ஒரு படி மேலே போனது. அந்தக் குழந்தையே வளர்ந்து பெரியவராகி வந்து கேட்டாலும் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் காட்டக் கூடாது என்றது. அதில் கையெழுத்திட்ட ஆளுநர் ஹெர்பர்ட் லேமனும் பிள்ளைகளைத் தத்தெடுத்து வளர்த்தவர்தான். அக்கம்பக்கத்தார் கண்ணிலிருந்து குடும்பத்தை மறைக்கக் கட்டிய சுவர், குழந்தையின் கண்ணையும் சேர்த்து மறைத்துவிட்டது.

அந்தச் சுவருக்குள்தான் இந்த ஆய்வு நடந்தது. நியூயார்க் நகரில் யூதக் குடும்பங்களுக்குக் குழந்தைகளைத் தத்துக் கொடுத்து வந்த பெயர்பெற்ற நிறுவனம் லூயிஸ் வைஸ் சர்வீசஸ். அதன் ஆலோசகராக இருந்த மனநல மருத்துவர் வயோலா பெர்னார்ட், இரட்டையர்களைத் தனித்தனி வீடுகளில் வளர்ப்பதே நல்லது என்று நம்பினார். தாய்க்குச் சுமை குறையும், ஒவ்வொரு குழந்தையும் தனக்கென ஓர் அடையாளத்தோடு வளரும் என்பது அவர் வாதம். இதை மனநல மருத்துவர் பீட்டர் நியூபவர் ஓர் அரிய வாய்ப்பாகப் பார்த்தார். மனிதனை உருவாக்குவது பிறப்பா வளர்ப்பா என்ற பழைய கேள்விக்கு இதைவிட நல்ல சோதனைக்கூடம் எங்கே கிடைக்கும்? 1960-களின் தொடக்கத்தில் ஆய்வு தொடங்கியது.

ஆய்வாளர்கள் வீடு தேடி வந்தார்கள். குழந்தை விளையாடுவதைப் படம் பிடித்தார்கள், அறிவுத்திறன் தேர்வு வைத்தார்கள், பெற்றோரிடம் கேள்விகள் கேட்டார்கள். தத்துக் குழந்தைகளின் வளர்ச்சியைப் பற்றிய ஆய்வு என்றுதான் பெற்றோருக்குச் சொல்லப்பட்டது. இதே முகம் கொண்ட இன்னொரு குழந்தை வேறொரு வீட்டில் வளர்கிறது என்ற ஒன்றை மட்டும் சொல்லவில்லை. இவர்கள் போட்ட கையெழுத்தை எப்படிச் சம்மதம் என்று சொல்வது? கம்பெனியின் முக்கியமான கடனை மறைத்துவிட்டுப் பங்கு விற்றால் வணிகச் சட்டம் அதை மோசடி என்கிறது. இங்கே மறைக்கப்பட்டது உடன்பிறப்பு.

1980-ல் சுவரில் விரிசல் விழுந்தது. நியூயார்க் மாநிலத்தில் ஒரு கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த 19 வயது மாணவனை, முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் வேறொரு பெயர் சொல்லி வரவேற்றார்கள். விசாரித்தபோது அந்தப் பெயருக்குரியவன் அவனுடைய உடன்பிறப்பு! செய்தித்தாளில் வந்த புகைப்படத்தில் தன் முகத்தையே பார்த்த மூன்றாமவனும் வந்து சேர்ந்தான். 1961 ஜூலையில் ஒன்றாகப் பிறந்த மூவர், மூன்று விதமான வசதி படைத்த வீடுகளில் வளர்ந்திருந்தார்கள். ஊடகங்கள் கொண்டாடின. ஆனால் மூவரில் ஒருவர் 1995-ல் உயிரை மாய்த்துக்கொண்டார். பிரிவுதான் காரணம் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதைச் சொல்லக்கூடிய குறிப்புகள் ஏதாவது இருந்தால் அவையும் பூட்டுக்குள்தான்.

இந்த ஆய்வின் முழு முடிவுகள் வெளியாகவே இல்லை. அமெரிக்காவில் மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளுக்கான சட்டம் 1974-ல் வந்தது. சம்மதம் என்றால் விவரம் தெரிந்து கொடுப்பது என்று விளக்கிய பெல்மான்ட் அறிக்கை 1979-ல் வந்தது. அதற்குள் இந்தக் குழந்தைகள் ஏறத்தாழ வளர்ந்துவிட்டார்கள். ஆனால் 1947-ன் நியூரம்பெர்க் நெறிகளே சம்மதத்தைத்தான் முதலில் வைத்தன. நாஜிகளின் ஐரோப்பாவிலிருந்து வந்த யூதரான நியூபவருக்கு அது தெரியாமல் இருந்திருக்குமா?

அப்படியானால் பெட்டிகளை உடனே திறந்துவிடலாமே என்று தோன்றும். அவ்வளவு எளிதில்லை. அந்தத் தாள்களில் ஒருவர் மட்டும் இல்லை, பல குடும்பங்கள் இருக்கின்றன. தனக்கு ஓர் இரட்டை உண்டு என்பதே தெரியாத ஒருவர் அவற்றில் இருக்கலாம். பெயரை அழித்தாலும் பிறந்த தேதி, அப்பாவின் தொழில், ஊர் ஆகிய மூன்றும் போதும், தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒருவருக்கு அவருடைய கதையைக் கொடுக்கும்போது இன்னொருவர் வீட்டுக் கதவும் திறந்துகொள்கிறது. அதே சமயம், ஆய்வு நடத்தியவர்களின் தவறை மறைக்கவும் இதே காரணம் வசதியாகப் போய்விடுகிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் வேண்டும்.

இந்த மூவரைப் பற்றிய ஆவணப்படம் 2018-ல் வெளியானது. உயிரோடு இருந்த இருவருக்கும் 10,000-க்கும் மேற்பட்ட பக்கங்கள் கிடைத்தன. அவற்றில் நிறைய இடங்கள் கறுப்பு மையால் அழிக்கப்பட்டிருந்தன. 2020 ஜனவரி முதல் நியூயார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்டவர்கள் 18 வயதானதும் தங்கள் அசல் பிறப்புச் சான்றிதழைக் கேட்டுப் பெறலாம். யேல் பெட்டிகளின் தேதி மட்டும் மாறவில்லை. 1961-ல் பிறந்தவருக்கு 2065-ல் வயது 104.