நீர்கொழும்பு: போர்த்துகீசியப் பெயர்களும் ஒரு கால்வாயும்

போர்த்துகல் நாட்டில் அவைரோ என்று ஒரு கால்வாய் நகரம் இருக்கிறது. வண்ணப் படகுகள், உப்பளங்கள், கரையோரக் கடைகளில் உள்ளூர் பீர் என்று பயணிகள் நாள் முழுக்க நடந்தே சுற்றுவார்கள். பொம்மிடி ஸ்டேஷனில் ரயில் ஏறி அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்குப் பக்கத்திலேயே ஒன்று உண்டு. கொழும்புக்கு வடக்கே சுமார் 35 கி.மீ. தூரத்தில் இருக்கும் நீர்கொழும்பு.

நடையைக் கோட்டையில் ஆரம்பிப்பது நல்லது. 1505இல் இலங்கைக்கு வந்த போர்த்துகீசியர், இந்தக் கரையின் லவங்கப்பட்டையைக் (இலங்கையில் கறுவா என்பார்கள்) காக்க இங்கே கோட்டை கட்டினார்கள். 1640இல் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள், அதே வருஷம் இழந்தார்கள், 1644இல் மறுபடி பிடித்தார்கள். ஒரு மசாலாப் பட்டைக்காக இத்தனை சண்டை! இப்போது மிஞ்சியிருக்கும் வாசலில் 1678 என்று பொறித்திருக்கிறது. உள்ளே போய்ப் பார்க்கலாம் என்று நினைக்க வேண்டாம், உள்ளே இருப்பது சிறைச்சாலை.

கோட்டைக்கு அருகிலேயே மீன் சந்தை. மணலில் பாய் விரித்துக் கருவாடு காயும். அங்கிருந்து கால்வாய்க் கரைக்கு வந்துவிடலாம்.

இதை எல்லோரும் டச்சுக் கால்வாய் என்றே சொல்கிறார்கள். அது பாதி உண்மைதான். பாக்கும் மிளகும் ஏற்றிவர 15ஆம் நூற்றாண்டிலேயே கோட்டே அரசர்கள் இந்தப் பக்கம் நீர்வழிகள் அமைத்திருந்தார்கள். பின்னால் வந்த ஐரோப்பியர்கள் அவற்றை நீட்டினார்கள். அதில் ஒரு வினை வந்தது. கடல்நீர் உள்ளே ஏறி, முத்துராஜவெல வயல்கள் உப்பாகிப் போயின. அந்த உப்புநீரை வெளியேற்ற ஆங்கிலேயர் 1802இல் தொடங்கி 1804இல் முடித்ததுதான் ஹாமில்டன் கால்வாய். நீளம் 14.5 கி.மீ. வயல் திரும்பவில்லை, இன்று அது சதுப்பு நிலம்.

நடந்த களைப்புக்கு லயன் பீர் கிடைக்கும். நுவரெலியாக் குளிரில் ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கிய தொழில் அது. ஆலை பின்னாளில் கொழும்புக்குப் பக்கத்தில் பியகமவுக்கு வந்துவிட்டது. ஆனால் இந்தக் கரையின் உண்மையான உள்ளூர் பானம் தென்னங்கள்தான். (1987 முதல் கள்ளுக்குத் தடை உள்ள தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு இது கொஞ்சம் ஆச்சரியமாக இருக்கும்.) பீர் ஆங்கிலேயர் கொடுத்தது என்றாலும், பீப்பாய், கோப்பை இரண்டும் போர்த்துகீசியர் கொடுத்த சொற்கள். அலமாரி, சாவி, ஜன்னல் எல்லாம் அந்த வகைதான்.

சொற்களைவிட ஆழமாகப் பதிந்தது மதம். ஊரில் திரும்பிய பக்கமெல்லாம் கத்தோலிக்கக் கோயில்கள். 'குட்டி ரோம்' என்று பட்டப்பெயரே உண்டு. பெர்னாண்டோ, பெரேரா, சில்வா என்று தூத்துக்குடியில் கேட்கும் அதே பெயர்கள். டச்சுக்காரர்கள் கத்தோலிக்கப் பாதிரிகளைத் தடை செய்தபோதும் மீனவர்கள் விடவில்லை. 1687இல் கோவாவிலிருந்து மறைவாக இலங்கைக்கு வந்த ஜோசப் வாஸ் அடிகளார் அந்தச் சபையைத் தூக்கி நிறுத்தினார். 2015இல் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அடுத்த நான்காம் வருஷம், 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு அன்று கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயிலில் குண்டு வெடித்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

போர்த்துகீசியரையும் டச்சுக்காரரையும் தாண்டி வந்த இந்த மக்களின் தமிழ்தான் இப்போது தேய்கிறது. 1956இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழி என்ற சட்டம் வந்தது. அதற்குப் பிந்திய ஆண்டுகளில் இந்தக் கரையின் பல பள்ளிகளில் பயிற்றுமொழி சிங்களமாக மாறியது. வீட்டிலும் படகிலும் மட்டும் தமிழ் தங்கியது. மொழியியல் ஆய்வாளர்கள் 'நீர்கொழும்பு மீனவர் தமிழ்' என்று தனியாக எழுதும் அளவுக்கு அது வேறுபட்டிருக்கிறது. நாம் 'வந்தேன், வந்தாய், வந்தான்' என்று பிரிப்பதை அவர்கள் பெரும்பாலும் பிரிப்பதில்லை. பேச்சுச் சிங்களத்தைப் போல, யார் வந்தாலும் வினைச்சொல் ஒரே வடிவத்தில் நிற்கும். நம் ஊர்க்காரர் கேட்டால் 'தப்புத் தமிழ்' என்று சிரிக்கக்கூடும். சிங்களப் பள்ளிக்குப் போய்வந்த பிள்ளைகளிடம் மிச்சமிருக்கும் தமிழ் அதுதான்.