தோட்ட டிராக்டர்: பழையதா, புதியதா?

என்னிடம் இயற்பியல் பயின்ற மாணவர் ஒருவர் இப்பொழுது அமெரிக்காவில், ஒகையோ மாநிலத்தின் நாட்டுப்புறத்தில் வாழ்கிறார். வீட்டைச் சுற்றி 2 ஏக்கர் நிலம். அண்மையில் அவர் எழுதிய மடலில் ஒரு கேள்வி இருந்தது. "சார், இரண்டு தோட்ட டிராக்டர்கள் விலைக்கு வந்திருக்கின்றன. ஒன்று 1967இல் செய்தது, 10 குதிரைத்திறன். மற்றொன்று 2006இல் செய்தது, 20 குதிரைத்திறன். விலை ஏறக்குறைய ஒன்றுதான். எதை வாங்கலாம்?"

நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்? வயதில் இளையது, திறனில் இரு மடங்கு. யோசிக்க என்ன இருக்கிறது என்பீர்கள். நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன். பிறகு தாளும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது விடை வேறாக வந்தது. அந்தக் கணக்கைச் சொல்லுமுன் இவ்வண்டியின் வரலாற்றைச் சிறிது பார்த்துவிடுவோம்.

தோட்ட டிராக்டர் என்பது நம் வயல்களில் ஓடும் டிராக்டரின் குட்டி. ஒருவர் அமர்ந்து ஓட்டலாம். புல் வெட்டலாம், சிறு கலப்பை பூட்டி உழலாம், பனிக்காலத்தில் வாசல் பனியைத் தள்ளலாம். இதன் முன்னோடி மேற்கு வர்ஜீனியாவில் பிறந்தது. பெஞ்சமின் கிரேவ்லி என்னும் புகைப்படக் கலைஞர் மோட்டார் சைக்கிள் பாகங்களைக் கொண்டு, பின்னால் நடந்தபடியே ஓட்டக்கூடிய உழுகருவி ஒன்றைச் செய்து, 1916இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். புகைப்படக்காரருக்கும் கலப்பைக்கும் என்ன உறவு என்று கேட்காதீர்கள். கண்டுபிடிப்புகளின் வரலாறே இப்படிப்பட்டதுதான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கர் பலர் நகர்ப்புற ஓரங்களில் ஓரிரு ஏக்கர் நிலத்துடன் வீடு கட்டிக் குடியேறினர். அவர்களுக்குப் பெரிய டிராக்டர் வேண்டாம், கைவண்டியும் போதாது. இந்த இடைவெளியை நிரப்ப, 1961இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 'கப் கேடட்' என்ற 7 குதிரைத்திறன் வண்டியைக் கொண்டுவந்தது. 1963இல் ஜான் டியர் நிறுவனம் தன் '110' வண்டியுடன் களத்தில் இறங்கியது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இவ்விரண்டும் வயல் டிராக்டர் செய்து பழகிய நிறுவனங்கள். கப் கேடட்டின் பின்புறக் கியர் பெட்டி, அந்நிறுவனத்தின் 'ஃபார்மால் கப்' என்ற சிறு வயல் டிராக்டரின் வழிவந்தது. கனமான வார்ப்பிரும்புப் பெட்டி அது. முதல் வண்டியில் எந்திரத்தின் சுழற்சி பெல்ட் வழியே சென்றது. 1963இல் வந்த வண்டிகளில் பெல்ட்டை நீக்கி, நேரே இரும்புத் தண்டின் வழியே செலுத்தினார்கள். வழுக்குவதற்கோ அறுந்துபோவதற்கோ அங்கே ஒன்றுமில்லை.

எந்திரம் விஸ்கான்சின் மாநிலத்துக் கோலர் நிறுவனத்தினுடையது. இந்நிறுவனத்தின் பழைய தொழில் என்ன தெரியுமா? எனாமல் பூசிய வார்ப்பிரும்புக் குளியல் தொட்டி செய்வது! வார்ப்பிரும்பில் தேர்ந்த கை அவர்களுடையது. அவர்களது 'கே' வரிசை எந்திரத்தின் சிலிண்டர் முழுவதும் வார்ப்பிரும்பு. தேய்ந்துவிட்டால் லேத்துப் பட்டறையில் கொடுத்து 0.01, 0.02, 0.03 அங்குலம் என மும்முறை அகலக் கடைந்து, சற்றே பெரிய பிஸ்டன் போட்டு ஓட்டலாம். ஐம்பது அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் இவை ஓடுவதன் இரகசியம் இதுதான்.

இனி, கணக்கு. கலப்பையை இழுப்பது எந்திரம் என்று நினைக்கிறோம். உண்மையில் மண்ணைப் பற்றும் சக்கரந்தான் இழுக்கிறது. பின் சக்கரங்களின் மேல் அழுத்தும் எடையைப் பிடிப்புக் குணகத்தால் பெருக்கினால் கிடைப்பதே உச்ச இழுவிசை. அதற்கு மேல் எந்திரம் முறுக்கினால் சக்கரம் வெறுமனே சுழலும். பழைய வண்டி ஓட்டுநரை விட்டு 350 கிலோ என்று கொள்வோம். அதில் 60 விழுக்காடு, அதாவது 210 கிலோ, பின் சக்கரங்களின் மேல். குணகம் 0.5 என்றால் இழுவிசை 105 கிலோ எடை, அதாவது ஏறத்தாழ 1,030 நியூட்டன். மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் உழுதால் செலவாகும் திறன் சுமார் 860 வாட். குதிரைத்திறனில் 1.15!

10 குதிரையில் ஒன்றுக்குச் சற்று மேல்தான் கலப்பைக்குப் பயன்படுகிறது. புதிய வண்டியோ தகட்டை அழுத்திச் செய்தது. எடை 200 கிலோ அளவு. அதே கணக்கைப் போட்டால் 0.66 குதிரைதான் வருகிறது. மூடியின் மேல் 20 என்று எழுதியிருந்தாலும் சரி, 40 என்று எழுதியிருந்தாலும் சரி, மண் அதைப் படிப்பதில்லை.

புல் வெட்டுவது வேறு கதை. அங்கே எந்திரமே கத்தியைச் சுழற்றுகிறது. சக்கரத்தின் பிடிப்புக்கு அங்கு வேலை குறைவு. குதிரைத்திறன் அங்கே பயன் தரும். ஆனால் அந்த எண்ணையும் முழுதாக நம்ப முடியாத காலம் ஒன்று இருந்தது. புல்வெட்டி எந்திரங்களின் திறனை மிகைப்படுத்தி எழுதுகிறார்கள் என்று 2004இல் அமெரிக்காவில் வழக்குத் தொடரப்பட்டது. நிறுவனங்கள் குற்றத்தை ஏற்கவில்லை. 2010இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. அக்காலத்தை ஒட்டிப் பல எந்திரங்களில் குதிரைத்திறனை விட்டுத் திருப்புவிசையைக் குறிக்கத் தொடங்கினார்கள்.

வண்டி ஏன் மெலிந்தது? 1981இல் கப் கேடட் எம்.டி.டி. நிறுவனத்திற்கு விற்கப்பட்டது. 1986இல் 'வீல் ஹார்ஸ்' வண்டிகளைச் செய்துவந்த நிறுவனத்தை டோரோ வாங்கிக்கொண்டது. வாங்குவோரில் பலருக்குப் புல் வெட்டினால் போதும்; உழவேண்டிய தேவை குறைந்துவிட்டது. பேரங்காடியில் மலிவாக விற்க வேண்டுமானால் இரும்பைக் குறைக்கத்தானே வேண்டும்? இதில் ஏமாற்று ஒன்றுமில்லை. வேலை மாறியது, வண்டியும் மாறியது. கியருக்குப் பதில் பாஸ்கல் விதிப்படி எண்ணெய் அழுத்தத்தால் சக்கரத்தைச் சுழற்றும் அமைப்பு 1960களிலேயே வந்துவிட்டது. அன்று அது கனமான கியர் பெட்டியோடு இணைந்திருந்தது. எண்ணெயும் வடிகட்டியும் மாற்றலாம். மலிவான புதிய வண்டிகள் பலவற்றில் அது சிறு மூடிய பெட்டி. மேடேறிச் சுமை இழுத்தால் சூடேறி வலுவிழக்கிறது.

அப்படியானால் பழையதே பொன்னா? இல்லை. பழைய எந்திரத்தில் எண்ணெய் பம்பு கிடையாது. இணைப்புத் தண்டின் அடியிலுள்ள கரண்டி போன்ற நுனி எண்ணெயை வாரித் தெளிக்கும். செங்குத்தான சரிவில் எண்ணெய் ஒருபுறம் ஒதுங்கினால் கரண்டிக்கு எட்டாமல் போகலாம். இன்னொன்று, ஓட்டுநர் இருக்கையை விட்டு எழுந்தால் எந்திரத்தை நிறுத்தும் மின்சாவி அக்கால வண்டிகளில் இல்லை. மாணவருக்கு நான்கு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். சுழலும் கத்திக்கு முன் இழுவிசைக் கணக்கெல்லாம் அற்பம். என் மடலில் இதைத்தான் முதலில் எழுதினேன்.

1980களின் வண்டிகளை வாங்குவதிலும் ஒரு கண்ணி உண்டு. அவற்றுள் சிலவற்றில் ஓனன் என்ற அருமையான இரட்டைச் சிலிண்டர் எந்திரம் இருந்தது. ஓடும்வரை மிக இனிமை. ஆனால் அதன் பாகங்கள் இன்று அரிதாகிவிட்டன. அதைவிட மூத்த கோலருக்கோ, பல நிறுவன வண்டிகளில் பொருத்தப்பட்டதால், இன்றும் பிஸ்டன் கிடைக்கிறது.

வெறும் புல் என்றால் புதியது, உழவும் பனியும் என்றால் பழையது, ஆனால் இருக்கைச் சாவி இல்லாமல் ஓட்டக்கூடாது என்று எழுதினேன். அவர் பழையதை வாங்கினார். அந்த வண்டியில் ஒரே கருவி தொடங்கும்போது மோட்டாராகவும் ஓடும்போது டைனமோவாகவும் இயங்குவதைக் கண்டு வியந்து எழுதியிருந்தார். பற்றவைப்புச் சுருளுக்குப் பேட்டரியிலிருந்து செல்லும் கம்பியில் தொடரிணைப்பாக ஒரு சாவியைச் சேர்த்து இருக்கைக்கடியில் பொருத்திவிட்டாராம். எழுந்தால் மின்சுற்று அறுந்து எந்திரம் நின்றுவிடுகிறது. பத்து முறை எழுந்து எழுந்து பார்த்த பிறகே கத்தியை மாட்டியிருக்கிறார்.

பனிக்காலத்திற்குப் பின் சக்கரங்களில் எத்தனை கிலோ எடை கட்ட வேண்டும் என்று இப்பொழுது கேட்டிருக்கிறார். பனியில் குணகம் எவ்வளவு குறையும் என்பதை மட்டும் எழுதி, மீதியை அவரையே போடச் சொல்லியிருக்கிறேன்.