கல்லூரி வளாகங்களில் சுவாசத்தொற்று மேலாண்மை

ஃபுளூ, கோவிட், சாதாரணச் சளி, காசநோய் என மூச்சுக்காற்றின் வழியே தொற்றும் நோய்கள் மாணவர்களிடையே பரவாமல் தடுப்பதும், பரவிவிட்டால் படிப்பு முடங்காமல் சமாளிப்பதும் வளாகச் சுவாசத்தொற்று மேலாண்மை எனப்படும். கேட்பதற்கு மருத்துவர்களின் வேலைபோலத் தோன்றினாலும், நடைமுறையில் இதில் பாதிக்கு மேல் விடுதி நிர்வாகம்தான். ஓர் அறையில் எத்தனை பேர், மெஸ்ஸில் எத்தனை பந்தி, காய்ச்சலில் கிடப்பவருக்கு யார் சாப்பாடு கொண்டுபோவது, ஜன்னலைத் திறக்க முடியுமா என்பவையே இங்கே முதன்மையான கேள்விகள்.

பருவத் தொடக்கத்தில் நூறு ஊர்க் கிருமிகள் ஒரே வாரத்தில் ஒரே கூரையின்கீழ் வந்து சேர்கின்றன. இருபது வயதுக்காரர்களுக்கு இவை பெரும்பாலும் கடுமையாக முற்றுவதில்லை. சிக்கலும் அதுதான்: படுக்கையில் விழாத நோயாளி வகுப்புக்கும் கேண்டீனுக்கும் போய்வருகிறார். அவர் பரப்பும் நோய் கடுமையாகத் தாக்குவது மெஸ் ஊழியர், துப்புரவுப் பணியாளர், வயதான பேராசிரியர் போன்றவர்களை.

பழைய முறை வாயிற்கதவைச் சாத்துவது. 1918 ஃபுளூ பெருந்தொற்றில் ஒன்றுக்கு மேல் இறப்பு நேராமல் தப்பிய அமெரிக்கச் சமூகங்கள் ஏழினை மருத்துவ வரலாற்றாசிரியர் ஹோவர்ட் மார்க்கெலின் குழு 2006-இல் அடையாளம் கண்டது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகமும் பென்சில்வேனியாவின் பிரின் மார் மகளிர் கல்லூரியும் அவற்றில் அடக்கம். பிரின் மாருக்குப் பக்கத்திலிருந்த ஃபிலடெல்ஃபியா நகரம் ஆயிரக்கணக்கில் பிணங்களை எண்ணிக்கொண்டிருந்த காலம் அது. ஆனாலும் இந்தத் தப்பித்தலில் தடுப்புமுறைகளின் பங்கு எவ்வளவு, ஒதுக்குப்புற இருப்பிடத்தின், அதிர்ஷ்டத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆய்வாளர்களே அப்படித்தான் எச்சரித்தார்கள்.

கோவிட் காலத்தில், 2020 ஆகஸ்டில் கதவைத் திறந்த பல்கலைக்கழகங்கள் கற்றது வேறொரு பாடம். வட கரோலினா பல்கலைக்கழகத்தின் சேப்பல் ஹில் வளாகம் ஆகஸ்ட் 10 அன்று நேரடி வகுப்புகளைத் தொடங்கியது. ஒரே வாரத்தில் விடுதிகளிலும் மாணவர் சங்க இல்லம் ஒன்றிலும் தொற்றுக்கொத்துகள் கிளம்ப, 17-ஆம் தேதியே இளநிலை வகுப்புகளை இணையத்துக்கு மாற்றுவதாக நிர்வாகம் அறிவித்தது. அதே நாளில் தொடங்கிய இந்தியானா மாநிலத்து நாட்டர் டாம் பல்கலைக்கழகத்துக்கும் அதே கதி. ஆனால் அது மாணவர்களை ஊருக்கு அனுப்பவில்லை. வளாகத்திலேயே வைத்து, இரண்டு வாரம் வகுப்புகளை மட்டும் இணையத்தில் நடத்திவிட்டு, செப்டம்பர் தொடக்கத்தில் மீண்டும் நேரடி வகுப்புக்குத் திரும்பியது. தொற்றியவர்களை வீடுகளுக்கு அனுப்புவது நோயை ஊர் ஊராக அனுப்புவதும் ஆகும் என்பதால், நாட்டர் டாமின் வழியே பொறுப்பானது.

இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா-ஷாம்பெயின் வளாகம் எல்லோரையும்விடப் பெரிதாகத் திட்டமிட்டது. மூக்கில் குச்சி விடாமல், எச்சிலை 95 டிகிரி செல்சியஸில் அரைமணி நேரம் சூடாக்கி நேரடியாகப் பிசிஆர் செய்யும் முறையை அதன் விஞ்ஞானிகள் உருவாக்கினர். மாணவர்களும் ஊழியர்களும் வாரம் இருமுறை பரிசோதித்தாக வேண்டும். தவறினால் கைபேசிச் செயலி கட்டடத்துக்குள் நுழைய அனுமதிக்காது. நாளொன்றுக்கு 10,000 பரிசோதனைகள் நடந்தன. நைஜல் கோல்டன்ஃபெல்ட், செர்கெய் மாஸ்லொவ் என்ற இரு இயற்பியலாளர்கள் கணித மாதிரி அமைத்து, பருவம் முழுவதற்கும் சுமார் 700 தொற்றுகள் வரலாம் என்று கணித்திருந்தார்கள்.

அந்த எண்ணிக்கை வகுப்பு தொடங்கிய சில நாள்களிலேயே தாண்டப்பட்டது. மாணவர்கள் பார்ட்டிக்குப் போவார்கள் என்பதை மாதிரி கணக்கில் எடுத்திருந்தது. தொற்று உறுதியானது தெரிந்தும் சிலர் பார்ட்டிக்குப் போவார்கள், தொடர்புத் தடமறிபவர்களின் அழைப்பை எடுக்கமாட்டார்கள் என்பதை எடுத்திருக்கவில்லை. செப்டம்பர் 2 அன்று, இரண்டு வாரங்களுக்கு அத்தியாவசியத் தேவை தவிர வெளியே வரக்கூடாதென்று நிர்வாகம் உத்தரவிட்டது. விதிமீறியவர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டனர். எண்ணிக்கை இறங்கியது. பரிசோதனைகளின் குவியலைவிட, முடிவு எத்தனை மணி நேரத்தில் வருகிறது, வந்தபின் அவர் உண்மையில் தனிமைப்படுகிறாரா என்பவையே முக்கியம் என்று தெரிந்தது.

அரிசோனா பல்கலைக்கழகம் சாக்கடையை நாடியது. 2020 ஆகஸ்டில் ஒவ்வொரு விடுதியின் கழிவுநீரையும் தனித்தனியே சோதித்தபோது, லிக்கின்ஸ் விடுதியில் வைரஸின் தடயம் சிக்கியது. உடனே அங்கு வசித்த 311 பேரையும் பரிசோதித்ததில், எந்த அறிகுறியும் இல்லாத இரண்டு மாணவர்கள் அகப்பட்டனர். எந்தக் கட்டடத்தைக் கவனிக்க வேண்டும் என்பதை மட்டும் கழிவுநீர் சொல்லும், நபரைக் காட்டாது. ஆனாலும் செலவு குறைவு, யாரையும் வரிசையில் நிற்கவைக்கத் தேவையில்லை.

இவ்வளவுக்கும் பெரும்பாலான கல்லூரிகள் அப்போது அளவுநாடா பிடித்தது வகுப்பறை நாற்காலிகளுக்கு இடையில். பாஸ்டன் பல்கலைக்கழகம் 2021 இலையுதிர் பருவத்தில் நடந்த 1,40,000-க்கும் மேற்பட்ட வகுப்புகளை ஆராய்ந்தபோது, வகுப்பறையிலேயே பரவியிருக்கலாம் என்று ஐயப்படத்தக்கவை ஒன்பதுதான். அங்கே தடுப்பூசியும் முகக்கவசமும் கட்டாயம். காற்றோட்டமும் நன்றாக இருந்தது. பாடம் கேட்கும்போது முகக்கவசம் அணியலாம். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் முடியாதே.

சென்னை ஐஐடியில் நடந்ததும் இதுதான். 2020 டிசம்பரில் ஆராய்ச்சி மாணவர்கள் உள்ளிட்ட சில நூறு பேர் மட்டுமே வளாகத்தில் இருந்தும், மாதத்தின் நடுவில் தொற்று நூறைத் தாண்டியது. பெரும்பாலோர் விடுதி மாணவர்கள். மெஸ் ஊழியர்களும் இருந்தனர். எல்லோரும் கூடிய பொது உணவுக்கூடத்தின்மீதே அதிகாரிகளின் ஐயம் விழுந்தது. தொற்றியவர்கள் கிண்டி கிங் நிலைய மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட, மற்றவர்களுக்குச் சாப்பாடு பொட்டலமாக அறைக்கே போனது. ஆள் குறைவு என்பதற்காக உணவுக்கூடங்களையும் குறைப்பது சிக்கனம். ஆனால் இருப்பவர்களையெல்லாம் ஒரே கூடத்தில் சேர்த்துவிடுகிறது. 2022 ஏப்ரலில் அதே வளாகத்தில் மீண்டும் ஒரு தொற்றுக்கொத்து கிளம்பியது.

கோவிட்டுக்கு முன்பே கிடைத்திருந்த சான்றுகளில் முக்கியமானது காற்றோட்டம் பற்றியது. சீனாவின் தியான்ஜின் பல்கலைக்கழக விடுதிகளை ஆராய்ந்து 2011-இல் வெளியான கட்டுரையில், ஆளுக்கு நொடிக்கு 5 லிட்டர் வெளிக்காற்று கிடைத்த கட்டடங்களில், ஆண்டுக்கு ஆறு முறையோ அதற்கு மேலோ சளி பிடித்ததாகச் சொன்னவர்கள் 5 விழுக்காட்டினர். 1 லிட்டர் மட்டுமே கிடைத்த இடங்களில் 35 விழுக்காட்டினர். இதற்குக் கருவிகளும் அதிகம் வேண்டாம்: எதிரெதிர் ஜன்னல்கள், வேலை செய்யும் எக்ஸாஸ்ட் ஃபேன், காற்றின் தேக்கத்தைக் காட்டும் கார்பன் டைஆக்சைடு மானி. நம்மூரில் பெரிய எதிரி கொசு. வலை அடிக்காத ஜன்னலை மாலை ஆறு மணிக்குமேல் யாரும் திறந்துவைக்கமாட்டார்கள். எனவே வலை அடிப்பதும் சுவாசநோய்த் தடுப்புதான்.

முகக்கவசமும் கைச் சுத்தமும் சேர்ந்தால் பலன் உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழக விடுதிகளில் 2006-07 குளிர்காலத்தில் நடந்த சோதனையில், இரண்டையும் கடைப்பிடித்தவர்களிடம் நான்காம் வாரம் முதல் ஆறாம் வாரம் வரை ஃபுளூ போன்ற நோய் 35 முதல் 51 விழுக்காடு குறைந்தது. முகக்கவசம் மட்டும் அணிந்த குழுவில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. அதே வளாகத்தில் 2021 அக்டோபர், நவம்பரில் ஹெச்3என்2 ஃபுளூ 745 பேரைத் தொற்றியது. அந்த ஆண்டு தடுப்பூசி போட்டவர்களும் போடாதவர்களும் கிட்டத்தட்ட ஒரே விகிதத்தில் தொற்றுக்கு ஆளாகியிருந்தனர்; தடுப்பூசி வைரஸோடு பொருந்தாத ஆண்டு அது. பொருந்தும் ஆண்டுகளில் அது கைகொடுக்கும். ஒரே கருவியை நம்பியிருக்கக்கூடாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

எந்தத் திட்டத்தையும் கவிழ்த்துவிடக்கூடியது வருகைப்பதிவு. இந்தியக் கல்லூரிகளில் பரவலாக உள்ள 75 விழுக்காடு விதி, காய்ச்சலோடு இருப்பவரையும் பெஞ்சில் கொண்டுவந்து உட்காரவைக்கிறது. மருத்துவச் சான்றிதழ் கொண்டுவா என்பது அவரைக் கூட்டமான புறநோயாளிப் பிரிவுக்கு அனுப்பும். 2009 ஆகஸ்டில் ஹெச்1என்1 பரவியபோது வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகம் வெப்பமானி, காய்ச்சல் மாத்திரை, கைச்சுத்திகரிப்பான் அடங்கிய பைகளைக் கொடுத்து, அறையிலேயே ஓய்வெடுக்கச் சொன்னது. இரண்டு மூன்று நாள் சுய அறிவிப்பு விடுப்பு, பாடப் பதிவு, விடுதியில் கழிவறையுடன் கூடிய இரண்டொரு காலி அறைகள் ஆகியவை இருந்தால் நம் கல்லூரிகளிலும் இது நடக்கும்.

இந்திய விடுதிகளில் இவற்றோடு காசநோயையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலுக்குச் சளிப் பரிசோதனை செய்வது தேசிய வழிகாட்டுதல்; பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். உறுதியானால் அறைத்தோழர்களையும் பரிசோதித்து, தேவைப்படுவோருக்குத் தடுப்பு மருந்து தருவார்கள். பெயர் வெளியே தெரிந்துவிடும், அறையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்ற அச்சத்தால் மாணவர்கள் இருமலை மறைப்பதுண்டு. அதனால் வார்டன், நோயாளியின் பெயரைச் சொல்லாமலே அறைத்தோழர்களைப் பரிசோதனைக்கு வரவழைப்பது நல்லது.