சுப்ரா: வீட்டை விட்டுப் போகும் ஒரு சீலை



வகுப்பில் "சுப்ரா என்றால் என்ன?" என்று கேட்டேன். பல பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. அவர்களுக்காகவும் நமக்காகவும் இந்தக் குறிப்பு.

'ஸுஃப்ரா' அரபுச் சொல். பயணத்தைக் குறிக்கும் 'ஸஃபர்' என்பதன் உறவு. முதலில் அது பயணிக்குக் கட்டிக்கொடுத்த உணவைக் குறித்தது. பிறகு அந்த உணவைக் கட்டிய தோலுக்கும், பின்னர் சாப்பிட விரிக்கும் விரிப்புக்கும் அதுவே பெயரானது. நபி (ஸல்) அவர்கள் உயர்ந்த மேசையில் வைத்துச் சாப்பிட்டதில்லை, ஸுஃப்ராவில் வைத்தே சாப்பிட்டார்கள் என்று அனஸ் (ரலி) அறிவித்த செய்தி புகாரியில் இருக்கிறது. 622இல் ஹிஜ்ரத் புறப்பட்ட நேரம், உணவைக் கட்டக் கயிறு இல்லாமல் அஸ்மா (ரலி) தமது இடுப்புக் கச்சையை இரண்டாகக் கிழித்தார்கள். 'இரு கச்சைக்காரர்' என்ற சிறப்புப் பெயர் அப்படித்தான் அவர்களுக்கு வந்தது.

நம் சாப்பாட்டில் இன்னொரு சரித்திரமும் உண்டு. போர்த்துக்கேயர் 1560இல் மன்னாரில் கோட்டை கட்டினார்கள். 1658இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். ஆட்சி போனாலும் சொற்கள் போகவில்லை. மேசை, கை துடைக்கும் துவாய், சட்டைப் பையிலுள்ள லேஞ்சி, மூன்றும் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தவை. கீழே நம் பனையோலைப் பாய், அதன்மேல் அரபுப் பெயருள்ள சுப்ரா, நடுவில் சஹன், பக்கத்தில் துவாய். ஒரு விருந்தில் இத்தனை கடல் வழிகள்!

1990 ஒக்டோபரில் நம் சனங்கள் துரத்தப்பட்டு, தீவிலிருந்து வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்குப் போனபோது வீட்டுச் சாமான்கள் வீட்டிலேயே கிடந்தன. பயணத்துக்கென்று பெயர் வைத்த சீலையைக்கூட அந்தப் பயணத்தில் எடுத்துப்போக முடியாதவர்கள் எத்தனை பேர்! பொருள் தொலைந்தால் அதோடு சேர்ந்த பழக்கமும் மெல்லத் தொலையும்.

இப்போது வலீமாக்களில் சுருளிலிருந்து இழுத்து விரிக்கும் பிளாஸ்டிக் தாள். லஞ்ச் சீட்டுக்கு 2017 செப்டம்பரில் நாட்டில் தடை வந்தது, நம் பழக்கம் மாறவில்லை. சீலையில் விழுந்த சோற்றைப் பொறுக்கிச் சாப்பிடலாம், சீலையைக் கழுவி மடித்து வைக்கலாம். தாளையோ மிச்சச் சோற்றோடு சுருட்டி எறிகிறோம். அதைத் தின்பவை நம் தெருக் கழுதைகளும் மாடுகளும். விழுந்த கவளத்தையும் வீணாக்காதீர்கள் என்பது நமக்குச் சொல்லப்பட்ட சுன்னத் அல்லவா?

ஒவ்வொரு மஹல்லாவும் பத்துச் சீலைகள் தைத்துப் பள்ளியில் வைத்தால் போதும். விருந்து வைப்பவர் எடுத்துப் பாவித்து, கழுவித் திருப்பிக் கொடுக்கலாம். பிள்ளைகளே, இன்றிரவு உம்மம்மாவிடம் கேளுங்கள்: "உங்கட வீட்டுச் சுப்ரா என்ன நிறம்?"